கொய்யா மரத்தடியில் பொங்கிய நுரை

எங்கள் கொய்யா மரத்தைக் காப்பாற்றியது நான்தான் என்று எட்டு வருடம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

புதுப்பட்டினத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் நிற்கிறது அந்த மரம். நான் ஆறாம் வகுப்பு படித்தபோது அதன் இலையெல்லாம் மஞ்சளாகி, காய் கோலிக்குண்டு அளவிலேயே நின்றுபோனது. அப்பாவுக்கு வசதியாகப் போயிற்று. புதிதாக வாங்கிய காருக்கு நிழல் வேண்டும் என்று, நிழல் தருகிற மரத்தை வெட்டிவிட்டுத் தகரக் கொட்டகை போட முடிவெடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆள் வருவதாக ஏற்பாடு. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மாவின் தங்கையான சித்தி, வேளாண் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள். மரத்தடியில் குழி தோண்டி வேரைக் காட்டினாள். முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்கள் அதற்குள் குடித்தனம் நடத்துகின்றனவாம்.

"மரமும் சும்மா இல்லடி. உன் முட்டிக் காயத்துல ஊத்துனா நுரைக்குமே, ஹைட்ரஜன் பெராக்சைடு, அதையே தயார் பண்ணி புழு மேல விடுது. ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு என்ன என்று நான் எங்கே நின்று கேட்டேன்! மரத்திடம் சரக்கு தீர்ந்துவிட்டது, அவ்வளவுதானே? நாம் கொடுத்தால் போயிற்று!

எங்கள் தெருவில் பாதி வீட்டு அப்பாக்கள் கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கு ஆபீஸ் பஸ்ஸில் போகிறவர்கள். பாதுகாப்பு வாரப் போட்டிகளில் அவர்கள் வருடாவருடம் ஜெயித்துக்கொண்டு வருவது முதலுதவிப் பெட்டி. ஒரே வீட்டில் மூன்றுகூட உண்டு. யாரும் அதைத் திறந்ததாகச் சரித்திரம் இல்லை. சனிக்கிழமை முழுக்க சைக்கிளில் வீடு வீடாகப் போய், "மரத்துக்கு அடிபட்டிருக்கு ஆன்ட்டி" என்று உண்மையையே சொல்லிக் கேட்டேன். பள்ளிப் பையில் பதினான்கு பெராக்சைடு பாட்டில் சேர்ந்தது.

ஞாயிறு காலை கோடாரியோடு ஆள் வந்துவிட்டார். அவர் லுங்கியை மடித்துக் கட்டுவதற்குள் நான் பாய்ந்து போய்ப் பாட்டில்களை ஒவ்வொன்றாகக் குழிக்குள் கவிழ்த்தேன். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு 'புஸ்' என்று சத்தம். வெள்ளை நுரை கிளம்பி, குழி நிறைந்து, வெளியே வழிந்தது!

"இன்னா சார் இது, மண்ணு பொங்கிகினு கீது! நான் கை வெக்க மாட்டேன்பா" என்று அவர் கோடாரியைக் கீழே போட்டார்.

அப்பா குனிந்து பார்த்தார். "ஏய், வேலை செய்யுதுடி!"

நான் குதித்தேன். மதில்மேல் ஏறியிருந்த தெருப் பிள்ளைகள் எல்லாரும் கை தட்டினார்கள். அம்மாகூடத் தட்டினாள். சித்தி மட்டும் தட்டவில்லை.

"புழு சாவுதுல்ல?" என்று அப்பா அவளைக் கேட்டார்.

சித்தி என்னைப் பார்த்தாள், கோடாரியைப் பார்த்தாள். "ஒரு வருஷம் விட்டுப் பாருங்க மாமா" என்றாள். காலேஜ் படிக்கிறவளுக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றிவிட்ட பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலையே வேப்பம் புண்ணாக்கு வாங்கி வந்து மரத்தடியில் போட்டாள். சுற்றிலும் துலுக்கச் சாமந்தி நடவைத்தாள். என் வெற்றிக்கு அலங்காரம் போலிருக்கிறது என்று நானும் உற்சாகமாக நட்டேன். அடுத்த வருடம் மரம் காய்த்தது. அப்பாவின் கார் இன்றைக்கும் அதன் நிழலில், காக்கை எச்சத்தோடு நிற்கிறது.

போன வருடம் கல்லூரி லேபில் உருளைக்கிழங்குத் துண்டின்மேல் பெராக்சைடு விட்டோம். அதே நுரை. மருந்து உடைந்து வெறும் தண்ணீரும் ஆக்சிஜனுமாகிறது, அதுதான் நுரை என்றார் மேடம். மண்ணும் அதைத்தான் செய்திருக்கிறது, என் முட்டி ரத்தமும் அதைத்தான் செய்திருக்கிறது. அந்தப் புழுக்களும் மரம் விடுகிற மருந்தை அப்படித்தான் தண்ணீராக்கிப் பிழைக்கின்றனவாம். எங்கள் மருந்து தோற்றுப்போனதற்குத்தான் தெருவே கை தட்டியிருக்கிறது! புழுவை அடக்கியது சித்தி போட்ட புண்ணாக்கும் சாமந்தியும்தான்.

வெளியே ஓடிவந்து சித்திக்குப் போன் போட்டேன். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சித்தி?"

"சொல்லத்தாண்டி வாயெடுத்தேன். கோடாரி பக்கத்துலயே கெடந்துச்சு."