தாத்தா காலத்து எஞ்சின்

என் வீட்டுக்காரர் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் அவருடைய அண்ணன் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து போன் செய்தார். "இன்னாம்மா, எங்க தாத்தா எஞ்சினு அது. நீ ஒண்டியா வச்சிகினு இன்னா பண்ணப் போற? ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கறேன்."

எடுத்துக்கறாராம்! போனை வைத்த பிறகும் திட்டிக்கொண்டே இருந்தேன். கேட்கத்தான் யாருமில்லை. ஐயப்பன்தாங்கல் ஃபிளாட்டில் எனக்குப் பதில் சொல்வது குக்கர் விசில் ஒன்றுதான்.

ஷோகேஸில் இருக்கும் நீராவி எஞ்சின் பொம்மை அது. பித்தளை பாய்லர், ஒரு சிலிண்டர், பக்கத்தில் ஒரு இரும்புச் சக்கரம். ரயிலில் ஃபயர்மேனாக இருந்த தாத்தா வைத்துவிட்டுப் போனது என்று கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் சொல்லிவந்தார். அண்ணனும் நம்பினார். தாத்தா பொருள் மூத்தவருக்கு என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். எனக்கோ, அவர் தினமும் எடுத்துத் துடைத்து வைத்த பொருள் இந்த வீட்டில் வேறு கிடையாது. அதுவும் போய்விட்டால் ஷோகேஸில் டீ கப்தான் மிச்சம்.

என்னைத் தொடவிடமாட்டார். ஆயுத பூஜைக்கு மிக்ஸி, ஸ்கூட்டர், அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் நான்தான் பொட்டு வைப்பேன். எஞ்சின் சக்கரத்துக்கு மட்டும் அவர். சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்து, "எங்க தாத்தா சாமான், எங்க கைதான் படணும்" என்பார். "ரொம்பத்தான் பீத்திக்காதீங்க" என்பேன் நான்.

கொடுப்பதாக இருந்தாலும் எந்தக் காலத்துச் சாமான் என்று தெரிந்துகொண்டு கொடுக்கலாமே என்று தோன்றியது. நான் ஒன்றும் தெரியாதவள் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டையர் ஆனவள். அவர் அங்கே லேத்தில் டர்னர். செய்த பீஸை என் மேஜையில் வைத்துவிட்டு "பாஸா மேடம்?" என்று இளித்துக்கொண்டு நிற்பார். பாதி நாள் பாஸ் ஆகாது. அளவு தப்பினால் சிவப்பு பெயிண்ட் தடவி, எண் பதிக்கும் என் இரும்பு முத்திரையால் ஒரு குத்துக் குத்தி ஸ்கிராப்பில் போடச் சொல்லிவிடுவேன். ஒவ்வொரு இன்ஸ்பெக்டருக்கும் ஒரு எண் உண்டு. வட்டத்துக்குள் ஏழு, அது என்னுடையது. கல்யாணத்துக்கு முன்னால் எங்களுக்குள் நடந்த பேச்சு பெரும்பாலும் இவ்வளவுதான்.

சனிக்கிழமை பேப்பரை விரித்து எஞ்சினை வைத்தேன். பாய்லர் மூடியைக் கழற்றி, மரை அளக்கும் கேஜைப் பிடித்தேன். தாத்தா காலத்தில் எல்லாம் இஞ்ச் மரை. இதுவோ மில்லிமீட்டர், பல்லுக்குப் பல் சரியாக உட்கார்ந்தது. அடப் பொய்மூட்டையே! எங்கோ கடையில் வாங்கிவந்து இத்தனை வருஷம் கதை விட்டாரா?

சக்கரத்தில் சந்தனம் கல்லாக இறுகியிருந்தது. ஈரத்துணியில் ஊறவைத்துச் சுரண்டினேன். குங்குமம் போன பிறகும் சிவப்பு போகவில்லை. பெயிண்ட். அதன் நடுவில் வட்டத்துக்குள் ஏழு.

நான் ரிஜெக்ட் செய்த புல்லிச் சக்கரம்! துளை பெரிதாகிவிட்டது என்று தூக்கிப் போடச் சொன்னது. அந்தத் துளைக்குள் பித்தளை வளையமாக ஒரு புஷ் அடித்துச் சரிசெய்து, அதைச் சுற்றி ஒரு எஞ்சினையே கட்டியிருக்கிறார். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகு, எங்கள் கல்யாணத்துக்கு முன்னால். அதுதான் அதன் வயது. ஒவ்வொரு பூஜைக்கும் என் முத்திரையைத்தான் என்னிடமிருந்து மறைத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். காட்டிச் சொன்னேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "திருட்டுப் பய! என்னாண்டயே தாத்தாவுதுன்னு கத உட்டுகினு இருந்தான் பாரு" என்று சிரித்தார். பிறகு கைக்குட்டையை எடுத்தார். "உன்துதாம்மா இது. நீயே வச்சிக்க." காபி குடித்துவிட்டு பஸ் பிடிக்கக் கிளம்பினார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். துளி ஆட்டமில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, பாவி மனுஷா?

"பாஸ்" என்றேன். அடுத்த அறைக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகத்தான் சொன்னேன். சக்கரம் சுற்றி முடித்து நின்றது.