ராக்கம்மா அக்காவின் ஓடைக் கரண்ட்

கம்பளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பல்ப் மங்கினால், எந்த வீட்டில் அயன் பெட்டி போட்டிருக்கிறார்கள் என்று ராக்கம்மா அக்கா சொல்லிவிடுவார். வாசலில் நின்றபடியே பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் பெட்டியைக் கழற்றிவிட்டு, இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தோடு எட்டிப் பார்ப்பார்.

அப்போது எங்களுக்கு அரசாங்கக் கரண்ட் இல்லை. ஓடையை மறித்து, தண்ணீரைக் குழாயில் இறக்கி, தகரக் கொட்டகையில் ஒரு டைனமோவைச் சுற்றவைத்து நாங்களே கரண்ட் எடுத்தோம். இருபத்திரண்டு வீடு. வீட்டுக்கு இரண்டு பல்ப், ஒரு டீவி. அயன் பெட்டிக்கு மட்டும் முறை உண்டு: ஒரு நேரத்தில் ஒரு வீடுதான். கொட்டகைக்குப் பக்கத்து வீடு என்பதால் சாவி அக்காவிடம் இருந்தது. சாவியோடு அதிகாரமும் சேர்ந்துகொண்டது.

கண்டியில் இன்டர்வியூவுக்கு முந்தைய நாள் மாலை நான் முறை தவறினேன். பாதிச் சட்டை தேய்ப்பதற்குள் அக்கா வந்துவிட்டார்.

"ஏன்டா கணேசு, ஒம்முறை புதன்கிழமை. இன்னைக்கு என்னா கெழமை?"

"நாளைக்கு இன்டர்வியூக்கா."

"ஒனக்கு இன்டர்வியூ. அங்க புள்ளைங்க சோத்துல கல்லு கெடக்கா மண்ணு கெடக்கான்னு தெரியாம திங்குதுங்க."

பாதி சுருங்கிய சட்டையோடுதான் போனேன். வேலை கிடைத்தது, கோபம் போகவில்லை. அரசாங்கக் கரண்டுக்கு மனு எழுதியபோது முதல் கையெழுத்து என்னுடையது. கரண்ட் வந்ததும், டைனமோவைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று கூட்டத்தில் சொன்னவனும் நான்தான்.

அக்கா சாவியைக் கொடுக்கவில்லை. "அது சோறா கேக்குது? கெடக்கட்டும்" என்றார். சனிக்கிழமை தோறும் எண்ணெய் விட்டு, ஒரு மணி நேரம் ஓடவிட்டு நிறுத்துவார். "மாப்பிள்ளைக்கு எண்ணெய்க் குளியலாக்கா?" என்று நாங்கள் கிண்டல் செய்வோம். வீட்டுக்கு வீடு அயன் பெட்டி, கேத்தல், ரைஸ் குக்கர் என்று வந்துவிட்டன. கரண்ட் எங்கிருந்து வருகிறது என்ற கவலை யாருக்கும் இல்லை.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு பங்குனியில் அந்தக் கவலை வந்தது. டீசல் இல்லை, கேஸ் இல்லை, பகலும் இரவுமாகக் கரண்ட் வெட்டு. எண்ணெய்க் கப்பல் வருகிறது, வரவில்லை என்று நாடே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா மட்டும் கொட்டகையைத் திறந்தார்.

"ஓடைக்குக் கப்பலா வரணும்?"

பழைய கம்பிகளை யாரும் கழற்றியிருக்கவில்லை. அந்தச் சோம்பல் அன்று உதவியது. ஆனால் வெயிலில் ஓடை மெலிந்திருந்தது. வீட்டுக்கு ஒரு பல்ப், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் மாலை என் மகள் நிலூஷாவுக்கு இழுப்பு வந்தது. நாலு வயது. மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கிற மெஷின் வீட்டில் இருந்தது. ஓடைக் கரண்டில் செருகினேன். பல்ப் சிவந்து மங்கியது; மெஷின் உறுமிவிட்டு நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போக ஓட்டோவில் பெட்ரோல் இல்லை. பிள்ளையின் உதடு நிறம் மாறிக்கொண்டு வந்தது.

வாசலில் அக்கா நின்றார். திட்டத்தான் வந்திருப்பார். பிள்ளையைப் பார்த்தார். அடுப்படியில் கிடந்த சோற்றுத் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே போய் அடித்தார்.

"எல்லாரும் பல்ப அணைங்க. கணேசு புள்ளைக்கு இழுக்குது."

ஒவ்வொரு வீடாக இருண்டது. கடைசி வீடும் அணைந்ததும் மெஷின் பிடித்துக்கொண்டது. கால் மணி நேரம் லயம் முழுவதும் இருட்டில் உட்கார்ந்திருந்தது. "புள்ள எப்பிடி?" என்று ஒவ்வொரு வாசலிலிருந்தும் குரல் வந்தது. "மூச்சு சீராகுது" என்று அழுதுகொண்டே கத்தினேன்.

மறுநாள் காலை அக்கா வந்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"பாப்பா மெஷினுக்கு முறை கெடையாது. எப்ப வேணுமோ போடு. நான் பல்ப பாத்துக்கிறேன்."

அந்த வருசம் முழுக்க அப்படியே பார்த்துக்கொண்டார். பல்ப் மங்கினால் தட்டுச் சத்தம் கேட்கும், லயம் இருண்டுவிடும். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

இப்போது முழங்கால் வலியால் அக்கா கடுகண்ணாவையில் மகள் வீட்டில் இருக்கிறார். சாவியை என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார். சனிக்கிழமை எண்ணெய் விடுவது இப்போது நான், கிண்டலும் எனக்குத்தான். போனில் பேசினால் குறைப்படுவார்: "இங்க பல்பு ஒரே மாதிரி எரியுதுடா கணேசு. பக்கத்து வூட்ல ஆளு இருக்கா இல்லையான்னே தெரியல்ல."

எங்கள் லயத்திலும் அதே கதைதான். கரண்ட் ஒழுங்காக வருகிறது. போன வாரம் நிலூஷாவுக்கு மறுபடி இழுத்தது. மெஷின் சுவிட்சைத் தட்டியதும் ஓடியது. பல்ப் கொஞ்சமும் மங்கவில்லை. பிள்ளைக்கு மூச்சு சீராகும்வரை நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.