பெரியம்மா வீட்டுச் சட்னிப்பொடி

கர்நாடகத்துத் திப்டூரில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிற வினுதாவின் கழுத்தில் அளவு நாடா எப்போதும் கிடக்கும். சோறு வடிக்கும்போதும் கிடக்கும். எதையும் அளந்து பார்ப்பாள், அளந்ததைத்தான் நம்புவாள். அப்படிப்பட்டவள் வாயை மட்டும் அளக்காமல் விட்டாள், அதைத்தான் சொல்ல வந்தேன்.

வீடு ஒன்றுதான். நடுவில் சுவர் எழுப்பி அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டார்கள். இந்தப் பக்கம் வினுதா, அவள் புருஷன் ருத்ரேஷ், நாலு வயது மகன் லிகித். அந்தப் பக்கம் ருத்ரேஷின் அண்ணனும் அவர் மனைவி நீலவ்வாவும். அவர்களுடைய பெண்கள் இரண்டு பேரும் ஹாஸ்டலில் படிக்கிறார்கள். நீலவ்வா வடக்கே விஜயபுரத்துக்காரி. எள் என்றால் எண்ணெயாக நிற்பாள். பேச்சுக்குப் பேச்சு, நாம் 'அம்மா' என்கிற மாதிரி, ஒரு 'அவ்வா' சேர்ப்பாள். சோள ரொட்டியும் சட்னிப்பொடியும் இல்லாவிட்டால் அவளுக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது.

"அக்கா பொடியைத் தொடணும்னா மொதல்ல தண்ணி லாரிக்குச் சொல்லி வைக்கணும்" என்பாள் வினுதா.

"உங்க ஊர்ல சாம்பாருக்கும் வெல்லம் போடுறீங்கல்ல, அதான்வ்வா உங்க ஆம்பளைங்க எல்லாம் கொழகொழன்னு இருக்காங்க" என்று நீலவ்வா திருப்பிக் கொடுப்பாள்.

லிகித்துக்கு இரண்டு வீடும் ஒன்றுதான். பாதி நாள் பெரியம்மா மடியில்தான் அவனுக்குச் சாப்பாடு.

ஒரு மத்தியானம் அங்கிருந்து வந்தவனுக்கு உதடு வீங்கியிருந்தது. உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பி, சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தான். டாக்டர் சிரப் கொடுத்து, ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, எது என்று பாருங்கள் என்றார். மறுநாள் அதே வீட்டில் அதே ரொட்டியை நெய்யும் வெல்லமும் தொட்டுத் தின்றான். ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நாள் கழித்து மறுபடி வீங்கினான். அப்புறம் மறுபடி ஒன்றுமில்லை. இது என்ன கண்ணாமூச்சி என்று வினுதாவுக்குத் தலை சுற்றியது.

பெரியம்மா பொடி தொட்டுக் கொடுத்த நாளில்தான் வருகிறது என்பதைக் கண்டுபிடித்தாள். கெட்டிக்காரிதான், இல்லையென்று யார் சொன்னது? பொடியில் என்னென்ன போடுகிறாள் என்று கேட்டாள்.

"வேர்க்கடலை, எள்ளு, பூண்டு, காஞ்ச மிளகா, கொப்பரை. வேற என்னவ்வா இருக்கு இதுல?"

ஒவ்வொன்றாகத் தன் வீட்டில் கொடுத்துப் பார்த்தாள். கொப்பரையைக் கொடுத்தாள், பையன் சிரித்துக்கொண்டு ஓடினான். வேர்க்கடலையும் அப்படித்தான். பூண்டும் மிளகாயும் தினம் சாம்பாரில் தின்கிறதுதான். எள்ளை எடுத்தபோது ருத்ரேஷ் கிண்டலடித்தான்.

"சங்கராந்திக்குத் தெருவே குடுத்த எள்ளையும் வெல்லத்தையும் அள்ளி அள்ளித் தின்னானே, அப்ப வராதது இப்பவா வரப்போகுது? உனக்கு வேற வேலை இல்லையா?"

அவன் சொன்னது நியாயம்தான். சங்கராந்தி அன்று வீட்டுக்கு வீடு எள்ளும் வெல்லமும் கொப்பரைச் சீவலும் கலந்து கொடுத்து, "எள்ளு வெல்லம் தின்னு, நல்லதைப் பேசு" என்று சொல்வது ஊர் வழக்கம். லிகித் அன்றைக்கு முழுக்க வாய் ஓயாமல் தின்றிருந்தான். இருந்தாலும் வினுதா விடவில்லை. ஒரு சிட்டிகை எள்ளை வெல்லத்தில் ஒட்டிக் கொடுத்தாள். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பயம் விட்டு மறுபடி பொடி தின்ன விட்டாள். மூன்றாவது தடவையாக வீங்கி, இந்த முறை பையனுக்கு மூச்சும் இழுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த சாயங்காலம் நீலவ்வா பொதுக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். வினுதாவின் வயிறு எரிந்துகொண்டிருந்தது. பெற்ற வயிறு, எரியாமல் என்ன செய்யும்?

"ஒவ்வொரு பொருளா குடுத்துப் பாத்துட்டேன்க்கா. எதுலயும் குத்தம் இல்ல. அப்ப கையிலதான் குத்தம். உங்க கையில விஷம் இருக்கு. இனிமே எம் புள்ளைக்கு அந்தக் கையால ஒரு பருக்கை குடுக்காதீங்க."

குழாயடியில் இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். நீலவ்வா குழாயை மூடிவிட்டு, பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா?

அதன் பிறகு லிகித் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று "பெரியம்மா, பெரியம்மா" என்று கூப்பிடுவான். வினுதா அவனை இழுத்துக்கொண்டு உள்ளே போவாள். பையனுக்கு வீக்கமும் வரவில்லை, தடிப்பும் வரவில்லை. "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்று புருஷனிடம் சொல்லிக்கொண்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான்.

நாகபஞ்சமி வந்தது. வினுதா தலைக்குக் குளித்து, எள்ளையும் வெல்லத்தையும் உரலில் போட்டு எண்ணெய் விடும்வரை இடித்து உருண்டை பிடித்தாள். நாகர் கல்லுக்குப் பால் ஊற்றிப் படைத்துவிட்டு வந்து, ஒரு உருண்டையைத் தன் கையாலேயே மகன் வாயில் போட்டாள். அவள் தட்டைக் கழுவி வைப்பதற்குள் லிகித் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். உதடு தடித்து, கண் மூடிக்கொண்டது. மூச்சு விசில் மாதிரி வந்தது. ருத்ரேஷ் கொப்பரை மண்டிக்குப் போயிருந்தான்.

வினுதா கத்தினாள். வாயில் வந்தது புருஷன் பேரும் இல்லை, சாமி பேரும் இல்லை. "அக்கா" என்றுதான் கத்தினாள்.

நீலவ்வா எப்படி வந்தாள் என்று தெரியவில்லை. பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் ஓடி, ஆட்டோவை மறித்து ஏறினாள். வழி முழுக்க அவனை நிமிர்த்திப் பிடித்து முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். "என்ன குடுத்தே?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வினுதாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஊசி போட்ட பிறகு மூச்சு சீரானது. வினுதா சொன்னதையெல்லாம் டாக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"எள்ளுதாம்மா. முழு எள்ளை இவன் மெல்லாம முழுங்கியிருப்பான். அது போன மாதிரியே வெளிய வந்துடும். இடிச்சா உள்ள இருக்கிறது உடம்புல சேருது. எப்பவும் தப்பிச்சுக்கலாம்னு நினைக்காதீங்க. இனிமே முழுசும் வேண்டாம், இடிச்சதும் வேண்டாம்."

வினுதா தன் கையைப் பார்த்தாள். இன்னும் எள் வாசனை அடித்தது.

"அக்கா, என்னைச் செருப்பால அடிங்க."

நீலவ்வா கட்டிலில் தூங்குகிற பையனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப என் பொடிதானே, வினுதா" என்றாள். அந்தப் பேச்சில் 'அவ்வா' இல்லை. "ஒவ்வொரு தடவையும் நான்தானே ஊட்டினேன்."

"இன்னைக்கு நானும்தான் ஊட்டினேன்."

"நீ பெத்தவ. உன்னை யாரு கேப்பாங்க?"

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் நீலவ்வா பொடி ஜாடிகளையெல்லாம் யாருக்கோ கொடுத்தாள். உரலைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். அடுத்த நாளும் தேய்த்தாள். லிகித் மறுபடி அங்கே போக ஆரம்பித்தான். விளையாடுவான், தூங்குவான், அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு சுற்றுவான். சாப்பாட்டு நேரம் வந்தால் மட்டும், "உங்கம்மாகிட்டப் போய்த் தின்னுட்டு வா ராஜா" என்று அனுப்பிவிடுவாள். கோபமாக இருந்தால் காலில் விழுந்து தீர்த்துக்கொள்ளலாம். இது கோபமில்லை, பயம். அந்தப் பயத்தை வைத்தவள் தான்தான் என்று வினுதாவுக்குத் தெரியும்.

அடுத்த சங்கராந்தியும் வந்தது. தட்டோடு வந்தவர்களை வினுதா வாசலிலேயே நிறுத்தினாள். "எள்ளை வேண்டாம்னா உறவை வேண்டாம்னு அர்த்தம்" என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். போகட்டும் என்று விட்டாள். வெல்லம், கொப்பரை, சர்க்கரைப் பொம்மை மட்டும் தட்டில் வைத்துப் பையனிடம் கொடுத்து, அவனைக் கூட்டிக்கொண்டு நீலவ்வா வாசலுக்குப் போனாள்.

"எள்ளு இல்லக்கா. வெல்லம் மட்டும்தான். தின்னுட்டு நல்லதைப் பேசுங்க."

"நான் எப்பவ்வா கெட்டது பேசினேன்?" என்றாள் நீலவ்வா.

வந்த தட்டை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது என்பது வழக்கம். நீலவ்வா உள்ளே போய் ஒரு வாழைப்பழத்தைக் காம்போடு பிடித்துக்கொண்டு வந்து தட்டில் வைத்தாள். லிகித் அவள் முன்னால் போய் நின்று வாயைத் திறந்தான்.

"நீ உரிச்சு ஊட்டு பெரியம்மா."

நீலவ்வா இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"தோலோடதான் இருக்கு, என் கை உள்ள படல" என்றாள் வினுதாவிடம். "நீயே உரிச்சுக் குடு."

பையன் திறந்த வாயோடு பெரியம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றான். பழத்தை வினுதாதான் உரித்தாள்.