ஆயா வைத்த மை

தொண்ணூறுகளில் ஒரு நாள், கோவையிலிருந்து சென்னைக்குப் போகும் பகல் ரயிலில் அந்த வெள்ளைக்காரம்மா எனக்கு எதிரே இருந்தார். வெயிலில் சிவந்த மூக்கு. மடியில், காப்பகத்திலிருந்து தத்தெடுத்துத் தன் நாட்டுக்குக் கூட்டிப்போகும் நான்கு வயதுச் சிறுமி.

ஈரத்தாளால் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கே எரிச்சலாக வந்தது. துடைத்த தாள்களை ஒரு பையில் சேர்த்தார். கன்னத்து மைப்பொட்டும் அப்படித்தான் போயிற்று.

குழந்தை கன்னத்தைத் தடவியது. “மாமா, மையி அழிஞ்சு போச்சுங்க. கெளம்பறப்போ ஆயா வெச்சு உட்டாங்க.”

என்ன சொல்கிறாள் என்று அந்தம்மா ஆங்கிலத்தில் கேட்டார். அது அழுக்கில்லை, கண்ணு படாமலிருக்க வளர்த்தவள் வைத்தது என்றேன்.

அவர் பையைக் கிளறி, மை படிந்த தாளைத் தேடியெடுத்து, மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தார். பிறகு தன் பேனாவால் குழந்தையின் கன்னத்தில் அதே இடத்தில் ஒரு புள்ளி வைத்தார்.

ஈரோட்டில் நான் இறங்க எழுந்தபோது குழந்தை கேட்டது: “ஏனுங்க மாமா, ஆயா எந்த டேசன்ல ஏறுவாங்க?”

அந்தம்மா மறுபடி என்னைப் பார்த்தார். டாட்டா சொல்கிறாள் என்றேன்.

ரயில் நகர்ந்தது. ஜன்னலில் அவர் குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினார்.