குலுக்கலில் விழுந்த வீடு

விழுப்புரத்தில் பி.ஏ. பொருளாதாரம் சேர்ந்தபோது அதற்குள் கணக்கு ஒளிந்திருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தமிழ் இலக்கியத்துக்கு ஓடியிருப்பேன். இரண்டாம் செமஸ்டரில் புள்ளியியல் வந்தது. சராசரி வரைக்கும் எப்படியோ சமாளித்தேன். அப்புறம் போர்டில் சிக்மா குறியைப் பார்த்தாலே நோட்டை மூடிவிடுவேன். ஆனால் என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது கணக்கு இல்லை, இன்டர்னல் மார்க்குக்காகச் செய்யச் சொன்ன சர்வே.

சர்வே என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. அவரவர் ஊரில் வீடு வீடாகப் போய்க் குடும்பச் செலவை விசாரிக்க வேண்டும். சாப்பாட்டுக்கு என்ன போகிறது, படிப்புக்கு என்ன போகிறது, நிலம் உண்டா, வேலையாள் உண்டா, இப்படி ஒரு தாள் நிறையக் கேள்விகள். வருமானம் குறையக் குறைய அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடும் என்று ஒரு விதி இருக்கிறதாம். அதை எங்கள் ஊரில் வைத்துச் சரிபார்க்க வேண்டுமாம். எங்கள் வீட்டு அடுப்படியை எட்டிப் பார்த்தாலே அது தெரியும், இதற்கு எதற்கு சர்வே என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டேன்.

வீடுகளை நாங்களாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஊரில் உள்ள எல்லா வீட்டின் கதவு எண்ணையும் சீட்டில் எழுதி, டப்பாவில் போட்டுக் குலுக்கி, சார் முன்னால் எடுக்க வேண்டும்.

"தெரிஞ்சவங்க வீடா பார்த்துப் போனா அது சாம்பிள் இல்லம்மா, விருந்து" என்றார் சார். "எல்லா வீட்டுக்கும் சம வாய்ப்பு. அதான் இதோட அழகு. நானே நேர்ல வந்து சில வீட்டுல கேட்டுப் பார்ப்பேன். இந்தப் பொண்ணு வரவே இல்லைன்னு யாராவது சொன்னா மொத்த மார்க்கும் போச்சு."

அவர் வெளியூர்க்காரர், நல்லவர், மனசில் கள்ளம் இல்லாதவர். வீட்டுக்குச் சம வாய்ப்பு, சரி. போகிறவளுக்கு?

கூட்டேரிப்பட்டில் இறங்கி உள்ளே போகிற ரோட்டில் இருக்கிறது எங்கள் கிராமம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் காலனி. நாங்கள் காலனி. எங்கள் ஆட்கள் ஊர்த்தெரு வீடுகளுக்கு வேலைக்குப் போவார்கள், பின்பக்கமாக. முன்வாசலில் போய் நிற்க மாட்டார்கள். இதை யாரும் போர்டு எழுதி மாட்டவில்லை, மாட்டாமலே எல்லோருக்கும் தெரியும். என் சித்தப்பா மகன் ஒருமுறை அந்தத் தெரு வழியாகப் புது பைக்கில் போனான். இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள். தள்ளிக்கொண்டு போனான். அதற்கப்புறம் அவன் அந்தப் பக்கமே போவதில்லை, சுற்றிக்கொண்டுதான் மெயின்ரோட்டுக்கு வருவான்.

ஊர்த்தெருவில் எனக்கு ஒரு தோழி இருந்தாள். அதே கல்லூரியில் வணிகவியல் படித்தாள். பஸ்ஸில் ஒரே சீட், மதியம் ஒரே டிபன் பாக்ஸ். எங்கள் ஸ்டாப்பில் இறங்கியதும் அவள் அந்தப் பக்கம் போவாள், நான் இந்தப் பக்கம் வருவேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம். அப்படி இருக்கலாம் என்று நாங்கள் பேசி வைத்துக்கொண்டதில்லை. மறுநாள் காலை பஸ்ஸில், விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். சர்வே விஷயத்தைச் சொன்னபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எங்க வூட்டு சீட்டு வந்துச்சா?" என்றாள். வரவில்லை என்றேன். அவள் மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

அவள் வீடு விழவில்லை, வேறு வீடு விழுந்தது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அம்மா வேலை செய்கிற வீடு.

அம்மாவிடம் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னாடி இது, பேஜாரு புடிச்ச படிப்பா இருக்குது. வேற வூடு மாத்திக்க முடியாதா?"

"மாத்தினா ஃபெயில்மா."

முறத்தை மறுபடி எடுத்து இரண்டு தட்டு தட்டினாள். அப்புறம், "போ. ஆனா என் பொண்ணுன்னு சொல்லாத. எந்த ஊருன்னு கேட்டா திண்டிவனம் ஹாஸ்டல்னு சொல்லிடு. மல்லாட்டை ஆயற நேரம். என் பொண்ணு முன்வாசல்ல வந்து நின்னு கேள்வி கேட்டான்னு ஆச்சுன்னா, நாளைக்கு என்னை வேணாம்னுடுவாங்க" என்றாள்.

மல்லாட்டை என்றால் எங்கள் பக்கம் வேர்க்கடலை, அதை ஆய்கிற நாட்களில்தான் கூலி கூடுதல். அவள் சொன்னது நடக்கக்கூடியதுதான். மூன்றாம் வகுப்பிலிருந்து திண்டிவனத்தில் விடுதியில் தங்கிப் படித்தவள் நான். லீவுக்கு வந்தாலும் காலனியைத் தாண்ட மாட்டேன். கல்லூரி சேர்ந்த பிறகும் ஸ்டாப்பிலிருந்து நேராகக் காலனிக்குள் போய்விடுவேன், தோழியைத் தவிர ஊர்த்தெருவில் என் முகம் யாருக்கும் தெரியாது. அதுதான் எங்களுக்கு இருந்த ஒரே தைரியம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லூரி ஐ.டி. கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். ஒவ்வொரு வாசலிலும் ஒரே கேள்விக்காகக் காத்திருந்தேன்: நீ யார் வீட்டுப் பொண்ணு? யாரும் கேட்கவில்லை. தாளையும் கார்டையும் பார்த்த உடனே எல்லோரும் என்னை கவர்மெண்ட் ஆள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒருவர் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து பதில் சொன்னார்.

அம்மா வேலை செய்யும் வீட்டில் அந்த வீட்டம்மா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டார். உட்கார எனக்கு உடம்பு வரவில்லை. "உக்காரும்மா" என்று இரண்டாம் முறை சொன்ன பிறகு ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னா கணக்கும்மா இது? கவர்மெண்ட்டா?"

"காலேஜ்லருந்து வர்றேங்க. படிப்புக்காகக் கேக்கறோம்."

"படிப்புக்குன்னுதான் சொல்வாங்க. அப்புறம் மாசாமாசம் அக்கவுண்ட்ல வர்ற பணம் நின்னுடும்."

அப்போதுதான் கவனித்தேன். அவர் முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். அந்தம்மாவுக்கு என்னைக் கண்டு பயம். நிலம் எவ்வளவு என்று கேட்டால் "கொஞ்சூண்டு" என்றார். தார்ப்பாய் போட்டு மூடியிருந்த டிராக்டரை நான் பார்க்கவே இல்லை, அவராகவே "அது என் கொழுந்தனாருது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை, அடுத்த கேள்விக்குத் தாவினேன்.

"வேலைக்கு ஆளுங்க வெச்சிருக்கீங்களா?"

"ஆளா? நாங்களேதாம்மா எல்லாத்தையும் செஞ்சிக்கினு கெடக்கறோம். ஆள் வெக்கிற வசதி எங்க இருக்குது?"

பதில் சொல்பவர் சொன்னதைத்தான் எழுத வேண்டும், நமக்குத் தெரிந்ததை எழுதக் கூடாது என்பது சார் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம். வேலையாள் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டேன்.

போட்டு நிமிர்ந்தபோது வீட்டுக்குப் பக்கவாட்டிலிருந்து அம்மா வந்தாள். தலையில் மல்லாட்டைக் கொடிக் கட்டு, கண்ணுக்கு மேல் வரை தழை தொங்கியது. மாட்டுக் கொட்டகைக்குப் போக வேண்டுமானால் என் நாற்காலியைத் தாண்டித்தான் போக வேண்டும். வீட்டம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "இது சும்மா வந்திருக்குதும்மா, மாட்டுக்குக் கொடி கேட்டு" என்று அவசரமாகச் சொன்னார். எழுந்துவிடுவேனோ, அம்மா என்று வாய்விட்டுக் கூப்பிட்டுவிடுவேனோ என்று எனக்கு என் மேலேயே பயம் வந்தது. பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா என் முன்னால் வந்து நின்றாள்.

"கொஞ்சம் நகந்துக்கோங்கம்மா" என்றாள்.

நான் நாற்காலியை நகர்த்தினேன். அவள் தழை என் தோளில் உரசியது. அதற்கப்புறம் என்ன கேட்டேன், என்ன எழுதினேன் என்று எனக்கு நினைவில்லை. தாளின் கடைசிக் கட்டம் வரை என் கையால் நிரப்பியிருந்தது.

அடுத்த வாரம் சார் பைக்கில் வந்தார். வந்த வேகத்தில் நேராக அந்த வீட்டுக்குத்தான் போனார். எதையும் மறைத்துப் பேசத் தெரியாத அந்த மனிதர் பின்னால் நான் நடந்தேன். அவர் முன்னாலேயே யாராவது என்னை அடையாளம் கண்டுவிட்டால் அம்மாவின் வேலை போகும் என்பதைத் தவிர என் தலைக்குள் வேறெதுவும் இல்லை.

வீட்டம்மா அதே பதில்களை வரிசையாகச் சொன்னார், மனப்பாடம் செய்து வைத்திருந்தவர் போல. சார் தாளில் டிக் போட்டுக்கொண்டே வந்தார். வேலையாள் கட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினார். பக்கத்துக் களத்தில் அம்மா குத்துக்காலிட்டு மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தாள். சார் அவளையே நேராகப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, நீங்க இங்க வேலை செய்யறீங்களா?"

வீட்டம்மா அம்மாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அம்மா எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. கையில் இருந்த காய்களைக் கூடையில் போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"இல்லீங்க. சும்மா ஒரு கை ஒதவிக்கினு இருக்கறேன்."

"சரிங்கம்மா" என்று சார் டிக் போட்டார். தெருவுக்கு வந்ததும், "குட். சொன்னதை அப்படியே எழுதியிருக்க. நிறையப் பேர் இங்கதான் கோட்டை விடுவாங்க" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

சாயங்காலம் அம்மா நல்ல உற்சாகத்தில் வந்தாள். கை கால் கழுவிக்கொண்டே, "உங்க சாரு மார்க் போட்டுடுவாரில்ல?" என்று கேட்டாள். போட்டுவிடுவார் என்றேன். "அப்புறம் இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு இருக்கற? நாளைக்கும் வரச் சொல்லியிருக்காங்க" என்றாள். எனக்கு அவள் மேல் ஆத்திரமாக வந்தது. சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை வகுப்பில் எங்கள் கிராமத்துக் கணக்கை போர்டில் போடச் சொன்னார். சராசரி போட்டேன், சதவீதம் போட்டேன். வேலையாள் வைத்திருக்கும் வீடுகள் என்ற வரியையும் எழுதினேன். அம்மா அதில் இல்லை. சார் மறுபடி கூட்டிப் பார்த்துவிட்டுக் கணக்கு சரி என்றார், வகுப்பைக் கைதட்டச் சொன்னார்.