வாபஸ்

பாளையங்கோட்டையில் அந்த வார்டின் வாக்காளர் பட்டியலை பாக்கியவதி அளவுக்குத் தெரிந்தவர்கள் கட்சியில் யாருமில்லை. எந்த வீட்டு மகன் பெயரைச் சென்னைக்கு மாற்றிக்கொண்டான், எந்தக் கிழவர் செத்தும் பட்டியலில் உயிரோடு இருக்கிறார் என்பதெல்லாம் தாளைப் பார்க்காமலே சொல்லுவாள். இருபத்தேழு வயதில் கட்சிக்கு வந்தவளுக்கு இப்போது ஐம்பத்தொன்று. வீட்டில் தையல் மெஷின் ஓடும். தேர்தல் வந்தால் அதற்கு உறையைப் போட்டுவிட்டு, விடிந்ததும் வாக்குச்சாவடி முகவராகப் போய் உட்கார்ந்துவிடுவாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்ததில்லை.

வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும் கட்சியின் பகுதிச் செயலாளர் மாடக்கண்ணு வீடு தேடி வந்தார்.

"இந்தத் தடவ உனக்குத்தாம்மா. பைய வீடு வீடாப் போக ஆரம்பி."

பெர்சிஸைத் துணைக்குக் கூட்டிக்கொண்டாள். நாலு வருடத்துக்கு முன்னால் அவளைக் கட்சியில் சேர்த்துவிட்டதே பாக்கியவதிதான். முப்பத்திரண்டு வயது, கணீரென்ற பேச்சு. ஒவ்வொரு வாசலிலும் "இவ எனக்குத் தங்கச்சி மாதிரி" என்று சொல்லித்தான் பாக்கியவதி ஓட்டுக் கேட்டாள். ஒருநாள் பாக்கியவதியின் செருப்பு அறுந்துபோனது. பெர்சிஸ் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெயிலில் வெறுங்காலோடு வந்தாள்.

மனுத்தாக்கலின்போது, பாக்கியவதியின் மனு தள்ளுபடியானால் உதவட்டும் என்று பெர்சிஸும் மாற்று வேட்பாளராக மனுக் கொடுத்தாள். கட்சியின் அங்கீகாரக் கடிதத்தைத் தானே நேரில் சேர்த்துவிடுவதாக மாடக்கண்ணு சொன்னார்.

பரிசீலனையன்று அதிகாரி கடிதத்தைப் பிரித்து வாசித்தார். அதில் பெர்சிஸின் பெயர் இருந்தது.

"உங்க மனுவும் செல்லும்மா. ஆனா சுயேச்சைதான்" என்றார் அவர்.

வராந்தாவில் மாடக்கண்ணு காத்திருந்தார். "மேலிடத்து முடிவும்மா. பெர்சிஸ் மச்சான் காண்ட்ராக்டர்லா, செலவ அவரு பாத்துக்கிடுதாராம். நீ வாபஸ் வாங்கிரு. அடுத்த தடவ பாப்போம்."

பாக்கியவதி அவர் பக்கம் திரும்பவில்லை. பக்கத்தில் நின்ற பெர்சிஸிடம்தான் கேட்டாள்.

"ஏளா, உனக்கு எப்பம் தெரியும்?"

"போன மாசமே தெரியும்க்கா."

"அப்பம் எங்கூட வீடு வீடா நடந்தது?"

பெர்சிஸ் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "நீங்க கூட்டிட்டுப் போனாத்தான் சனம் என்னய நம்பும்னு மாடக்கண்ணு அண்ணாச்சி சொன்னாவ."

வீட்டில் பாக்கியவதி நடந்ததைச் சொன்னாள். "சுயேச்சையா நில்லு. எரநூறு ஓட்டாவது விழும்" என்றார் கணவர் ஞானசிகாமணி. அந்தக் கணக்கை அவளும் போட்டுப் பார்த்திருந்தாள். இருநூறு பிரிந்தால் எதிர்க்கட்சி ஜெயித்துவிடும். இருபத்துநாலு வருடம் எதிர்த்து நின்றவர்களைத் தன் கையாலேயே ஜெயிக்க வைக்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை. கடைசி நாள், கெடு முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது வாபஸ் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். முகவராக உட்காரச் சொல்லி ஆள் வந்தபோது மட்டும் கதவைத் திறக்கவில்லை.

பெர்சிஸ் நூற்றெண்பது ஓட்டில் ஜெயித்தாள். வெற்றி ஊர்வலம் தெருவுக்குள் நுழைந்தபோது பாக்கியவதி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஜீப்பிலிருந்து குதித்து ஓடிவந்த பெர்சிஸ் அவள் தோளில் சால்வையைப் போர்த்திக் கட்டிக்கொண்டாள். இரண்டு கையிலும் ஈரச் சேலை. விலக்கிவிடக்கூடக் கை ஒழியவில்லை. அதற்குள் படம் எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் ஞானசிகாமணி பத்திரிகையை வாசித்தார். "மூத்த நிர்வாகியிடம் வாழ்த்துப் பெற்ற புதிய கவுன்சிலர்."

"நான் ஒரு வார்த்த பேசலியே" என்றாள் பாக்கியவதி.

கட்சியின் வாட்ஸ்அப் குழுவிலும் அந்தப் படம் வந்திருந்தது. அதன் கீழே கும்பிடும் கைகள் குவிந்துகொண்டிருந்தன. முதல் கும்பிடு மாடக்கண்ணுவுடையது. பாக்கியவதி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறினாள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.