ஃபிர்மின் சந்தியாகோவுக்கு வழி போட்ட கதை

லெய் ஆற்றங்கரையில் என் பெயரைத் தெரியாதவர்கள் கிடையாது. பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று சுற்றுவட்டாரத்துப் பந்தயப் புறாக்கள் எல்லாம் என் லாரிகளில்தான் பிரான்சுக்குப் போகின்றன. பிரேக் சரியாகப் பிடிக்காத ஒற்றைப் பழைய வண்டியில் தொடங்கினேன், ஒருவரும் கைதூக்கிவிடவில்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. நான் இல்லையென்றால் ஃபிர்மின் கதை பாதியில் நின்றிருக்கும்.

ஃபிர்மின் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பராமரிக்கிறவன். கொதிகலன், ஒழுகும் குழாய், கால் உடைந்த நாற்காலி எல்லாம் அவன் பொறுப்பு. மற்ற நேரமெல்லாம் புறா. நாற்பது வருடமாக அவன் தன் புறாக்களைக் கூடையில் போட்டு என் லாரியில் ஏற்றிவிட்டு, மறுநாள் அவை அங்கிருந்து பறந்து வீடு திரும்புவதைப் பார்க்கக் கொல்லையில் உட்கார்ந்து தெற்கே பார்த்துக்கொண்டிருப்பான். பிரான்சில் அவன் புறாக்கள் பார்க்காத ஊர் இல்லை. அவனோ எங்கள் நாட்டு ஓஸ்தெண்ட் கடற்கரையைத் தாண்டியதில்லை.

எங்கள் கோயில் சந்தியாகப்பர் கோயில். அறுபது வயது முடிந்த வாரம், புறாச் சங்கம் கூடும் ரெனேயின் கடையில் பீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு ஃபிர்மின் சொன்னான்: "ஸ்பெயின்ல, சந்தியாகோவுல இருக்கிற அவரோட கல்லறைக்குச் சைக்கிள்ல போறேன். தனியா. அதே சைக்கிள்ல திரும்பியும் வருவேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவன் மனைவி லிசெட்தான் சிரித்தாள், அதுவும் வீட்டுக்குப் போன பிறகு. பிறகு ஒரு நிபந்தனை வைத்தாள்.

"ஒவ்வொரு ராத்திரியும் நீ எங்க படுக்குறேன்னு எனக்குத் தெரியணும். வரைபடத்துல ஊசி குத்திக் காட்டு. ஒரு ராத்திரி கணக்கு இடிச்சாலும் நீ பங்குச் சாமியார் அங்க கூட்டிட்டுப் போற பஸ்லதான் போற."

அந்த பஸ்ஸில் லிசெட்டின் அக்காவும் போகிறாள். அவள் பேச்சை நிறுத்துவது சாப்பிடும்போது மட்டும்தான், அதுவும் நிச்சயமில்லை. இப்படி ஒரு பயணத்துக்கு ஃபிர்மின் அறுபது வருடம் காத்திருக்கவில்லை.

ஜூலை முதல் தேதி பள்ளி மூடும். ஆகஸ்ட் நடுவில் அவன் திரும்பி வந்து வகுப்பறைத் தரைக்கெல்லாம் மெழுகு போட வேண்டும். அதற்குள் போய் வர வேண்டும். ரெனேயின் கடைச் சுவரில் பெரிய வரைபடத்தை மாட்டினான். ஊசி குத்தி, சிவப்பு நூல் கட்டி, அளவுகோலை வைத்துக் கணக்குப் போட்டான். தினமும் எண்பது கிலோமீட்டர். போகவர நாள் சரியாக இருந்தது, கையில் மிச்சமும் இருந்தது. இரண்டு மாதம் சங்கத்துக்காரர்கள் அந்தப் படத்தின் முன் நின்று காற்று எந்தப் பக்கம் அடிக்கும், எங்கே வெயில் கொளுத்தும் என்று யோசனை சொன்னார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. புதிய லாரிக் கொட்டகைக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தேன், சொந்தக் காசில்.

மே மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து லிசெட் கடைக்கு வந்தாள். நானும் இருந்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊசி ஊசியாகப் பார்த்துக்கொண்டே போனாள். ஸ்பெயினின் மேல்புறம் வந்ததும் நின்றாள்.

"ஃபிர்மின், இந்த ஊசி ஏன் நீலத்துல நிக்குது?"

"எது? அதா? அது கரைதான். ஊசி கொஞ்சம் தடி."

"கரை ஒரு விரல் தள்ளி இருக்கு. அன்னிக்கு ராத்திரி மீனோடயா படுப்ப?"

சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். நான் எழுந்து போய்ப் பார்த்தேன். ஒரே பார்வையில் விளங்கிவிட்டது.

"டேய், இது சைக்கிள் போற வழி இல்லடா. புறா போற வழி."

எங்களுக்குத் தூரம் என்றால் கூண்டு திறக்கும் இடத்திலிருந்து வீட்டுக் கூடுவரை நேர்கோடு. பரிசே அந்தக் கணக்கில்தான். ஃபிர்மினும் புறா விடும் ஊர்களை வரிசையாக எடுத்து நேராக நூல் பிடித்திருக்கிறான். பார்த்தவர்கள் எல்லாரும் புறாக்காரர்கள். ஒருத்தன் கண்ணிலும் படவில்லை. அந்தச் சாலைகளில் முதல் முப்பது வருடம் நானே ஸ்டியரிங் பிடித்தவன். பாலத்தைத் தேடி ஆற்றோரம் சுற்றுவதையும், மலையில் வளைந்து ஏறுவதையும் விரலால் ஓட்டிக் காட்டினேன். போய்ச் சேரவே ஜூலை முழுக்க ஆகிவிடும்.

"சரி, பஸ்ஸுக்குப் பேர் குடுத்துடறேன்," என்றாள் லிசெட்.

ஃபிர்மின் கடலில் நின்ற ஊசியைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல புறா ஒன்று இருட்டியும் வராவிட்டால் அவன் முகம் அப்படித்தான் இருக்கும்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "ஆகஸ்ட் மொத வாரம் என் லாரி பிரான்சோட தெக்கு முனைல பெர்ப்பிஞானுக்குப் போகுது. புறாவ விட்டதும் காலியாத்தான் திரும்பும். போறத மட்டும் மிதி. சந்தியாகோவுல ரயில் ஏறி பெர்ப்பிஞான் வந்து சேரு. மீதிய என்கிட்ட விடு."

"லாரில வீட்டுக்கு வர்ற புறாவுக்கு என்ன பேரு, மொரித்ஸ்?" என்று கேட்டான் ஃபிர்மின்.

"சூப்," என்றான் ரெனே, கல்லாவிலிருந்து.

"இந்த வயசுல இது சூப்புக்கும் வேகாது," என்றாள் லிசெட். பிறகு அவன் கையிலிருந்த ஊசியை வாங்கிக்கொண்டாள். "இங்க பாரு. போறது சந்தியாகப்பருக்காக. அத உன் கால்ல போ. வர்றது எனக்காக. நீ மாட்டு வண்டில வந்தாலும் நான் கேக்க மாட்டேன்."

ஃபிர்மின் நூலை முழுக்க அவிழ்த்தான். நான் சாலை சாலையாகச் சொல்லச் சொல்ல, மறுபடி கட்டினான். ஒவ்வொரு ஊசியையும் லிசெட் தடவிப் பார்த்துத் தலையாட்டிய பிறகே அடுத்தது.

ஜூலை முதல் தேதி காலையில் புறப்பட்டான். புறாக்களை லிசெட் பார்த்துக்கொண்டாள். அதுவரை கூட்டுக்குள் தலையை நீட்டாதவள், ஆகஸ்டில் தானே புறாக்களைப் பிடித்துக் கூடையில் போட்டு என் லாரியில் ஏற்றினாள்.

மற்றது என் ஓட்டுநர் டிர்க் சொன்னது. பெர்ப்பிஞானில் விடியும்போது ஃபிர்மின் புறா விடும் மைதானத்தில் நின்றிருந்தான். இளைத்து, செங்கல் நிறத்தில் கறுத்து, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு. டிர்க் அவனையே கூண்டுகளைத் திறக்கச் சொல்லியிருக்கிறான். ஆயிரக்கணக்கான புறாக்கள் ஒரே சத்தமாகக் கிளம்பி, ஒரு சுற்றுச் சுற்றி வடக்கே திரும்பிவிட்டன. வானம் வெறுமையான பிறகும் ஃபிர்மின் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

"எப்பவும் இப்படித்தானா?"

"ஒவ்வொரு தடவையும்," என்றானாம் டிர்க்.

"இத்தன வருஷம் வர்றதையே பாத்துக்கிட்டு இருந்துட்டேனே."

சாயங்காலம் லாரி லிமோஜ் ஊரைத் தாண்டும்போது லிசெட் போன் பண்ணினாள்.

"உன் சாம்பல் பெட்டைப்புறா இப்பத்தான் வந்து இறங்குச்சு. நீ எங்க இருக்க?"

"பாதி வழில."

"குளிச்சியா?"

"நாளைக்கு," என்றான் ஃபிர்மின்.